தேர்ப்பாட்டில் விட்டுப்போன இரண்டு தட்டு

ஓய்வு பெற்ற கத்தோலிக்கக் குருக்கள் தங்கும் இல்லத்தில் எங்களுக்குப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. காலையில் பூசை, பிறகு மாத்திரை, அதற்குப் பிறகு யாருக்கு மாத்திரை அதிகம் என்று ஒரு பேச்சு. எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டதால் அறுபத்தாறிலேயே இங்கே அனுப்பிவிட்டார்கள். அதுவரை தூத்துக்குடிக் கடற்கரை ஊர்களில் பங்குச் சாமியாராக இருந்தேன். கோயில் பாட்டுகள் கட்டினேன். மீனவர்கள் வேலை செய்யும்போது பாடுகிற பாட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். நான் கட்டிய பாட்டுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் நாற்பது வருஷமாக யாரிடமும் வாய் திறந்ததில்லை. போன மாதத்தோடு அந்தப் பாரம் இறங்கிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

மறைமாவட்டத்தில் புதிய பாட்டுப் புத்தகம் போடுகிறார்கள். புத்தகம் என்பது பேச்சுக்குத்தான், எல்லாம் கைப்பேசியில் வரப்போகிறது. பாட்டைத் தொட்டால் ஸ்வரம் வருமாம், இன்னொரு தடவை தொட்டால் அதுவே பாடிக் காட்டுமாம். ஒவ்வொரு பாட்டுக்கும் இசையமைத்தவர் பெயர் வேண்டும், அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்று உத்தரவு. இந்த வேலையைச் சிஸ்டர் பிலோமியிடம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்தவர். அந்தக் குரல் இன்னும் இறங்கவில்லை. என்னுடைய பழைய தகரப் பெட்டியை மூன்று மாதத்துக்கு முன்பே வாங்கிக்கொண்டு போனவர், போன மாதம் ஒரு மத்தியானம் வந்து நின்றார்.

“ஃபாதர், ‘அணியத்தில் நில்லும் தாயே’ பாட்டுக்கு இசை யாரு? பழைய புத்தகத்துல ‘பெயர் தெரியவில்லை’ன்னு போட்டிருக்கு. உங்க பெட்டியில உங்க கையெழுத்துல இருக்கு.”

நான் மாத்திரை டப்பாவைத் தேட ஆரம்பித்தேன்.

“இன்னொரு சந்தேகமும் இருக்கு. நீங்க எழுதுனதுல ஒரு வரி முடிஞ்சதும் அடுத்த வரி ஒட்டியே வருது. ஜனங்க பாடுதப்போ நடுவுல தாளத்துல ரெண்டு தட்டு சும்மா நிக்காங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தான் பாடுதாங்க. எது சரி?”

“அந்தப் பாட்டே வேண்டாம், எடுத்துருங்க சிஸ்டர்.”

“எல்லாக் கோயில்லயும் பாடுத பாட்ட எப்படி எடுக்க? நல்லா இருக்கே நீங்க சொல்லுதது!” என்றவர், பையிலிருந்து ஒரு ஒலிநாடாவை எடுத்து மேசையில் வைத்தார். அதன்மேல் என் கையெழுத்தில், ‘தேர். கேட்க வேண்டாம்’ என்று இருந்தது. “நானும் கேக்கல. எழுதுன ஆளாவது கேட்டாரா?”

“இல்லை” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

குருமடத்து வருஷங்களில் சொல்வதற்கு அதிகம் இல்லை. நான் தாமிரபரணிப் பாசனத்து வயல்காட்டு ஊர்க்காரன். குருமடத்தில் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. அதில் இரண்டு கட்டை வேலை செய்யாது. அந்த இரண்டையும் தொடாமல் பாட்டுக் கட்டக் கற்றுக்கொண்டேன். தத்துவத்தில் சுமார், இறையியலில் சுமார், பாட்டில் மட்டும் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கி வெளியே வந்தேன். கடலோரத்து ஊர் ஒன்றில் துணைக்குருவாகப் போட்டார்கள். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அங்கே பங்குச் சாமியார் இஞ்ஞாசி அடிகள். மெலிந்த ஆள், சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. துணைக்குருவை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். நான் பாட்டுக் கட்டுகிறேன் என்று தெரிந்ததும் அவர் ஒரு ஒழுங்கு வைத்தார். புதுப்பாட்டை எழுதித் திங்கட்கிழமை காலை அவர் மேசையில் வைக்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு கோயில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக் கதவு வரைக்கும் பாடிக்கொண்டே நடப்பார், பாடிக்கொண்டே திரும்புவார். குரல் சுமார்தான். நடந்துகொண்டே பாடும்போது எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ, அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். “உட்கார்ந்து பாடுகிறவன் பாட்டு வேறு, நடந்து பாடுகிறவன் பாட்டு வேறு. நம் ஜனங்கள் உட்கார்ந்து பாடிப் பழகாதவர்கள்” என்பார். வட்டம் போட்ட இடத்தை நான் சரிசெய்து தர வேண்டும். பிறகு பூசை முடிந்து படியில் கூடை வைத்திருக்கும் மீன்காரப் பெண்கள் நான்கு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார். வெள்ளிக்கிழமைக்குள் அவர்கள் வாயில் அது தானாக வந்தால் பாட்டு தேறியது. வராவிட்டால் தாளை மடித்து என் மேசையில் வைத்துவிடுவார். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வராது. முதல் ஆறு பாட்டும் மடித்துத்தான் வந்தன.

எனக்கு ரோஷம் வந்தது. இவர்கள் வாயில் தானாக வருவது எது என்று பார்க்கக் கடற்கரைக்குப் போனேன். வள்ளத்தைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்து ஏற்றும்போது அம்பா பாடுவார்கள். ஒருவர் வரி எடுத்துக்கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் எல்லாரும் ‘ஏலேலோ’ என்று ஏந்திக்கொண்டே இழுப்பார்கள். அந்த ஊரில் வரி எடுத்துக்கொடுப்பவர் சூசை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல உயரம். காற்றுக்கு எதிராகப் பாடிப் பாடிக் குரல் அகன்று கிடந்தது.

அவரைப் பங்கு வீட்டுக்குக் கூப்பிட்டு ஒலிப்பதிவுப் பெட்டியை முன்னால் வைத்து, “பாடுங்க சூசை” என்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தார்.

“வர மாட்டேங்கு சாமி. கையில கயிறு இல்லாம எப்படிப் பாட?”

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. முற்றத்துத் தென்னைமரத்தில் ஒரு வடக்கயிற்றைக் கட்டி, சூசையோடு எட்டுப் பேரை நிற்க வைத்து இழுக்கச் சொன்னேன். பாட்டு மடை திறந்துவிட்டது. ஒரு சாமியார் முன்னால் பாடக்கூடாத வரிகளும் உண்டு. அந்த இடம் வந்தால் எல்லாரும் ‘ம்ம் ம்ம்’ என்று முனகிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். என் நோட்டில் அந்த இடங்களில் எல்லாம் கோடு மட்டும் இருக்கும். தென்னைமரம் இரண்டு மாதத்தில் லேசாகச் சாய்ந்துவிட்டது. இஞ்ஞாசி அடிகள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போவார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

அப்படி இழுக்கும்போது, ஒவ்வொரு ‘ஏலேலோ’வுக்கும் பிறகு இரண்டு தட்டு நேரம் யாரும் பாட மாட்டார்கள். கயிற்றைத் தளர்த்தாமல் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். பிறகுதான் சூசை அடுத்த வரியை எடுப்பார். நான் அதை நோட்டில் ‘மூச்சு’ என்று எழுதிக்கொண்டேன். என்னுடைய தப்பு அங்கேதான் தொடங்கியது. கயிற்றைக் கொண்டுவந்த நான் வள்ளத்தைக் கொண்டுவரவில்லை. கயிற்றின் மறுமுனையில் தென்னைமரம்தான் இருந்தது. மணலில் உண்மையாக வள்ளம் ஏறும்போது அந்த இரண்டு தட்டில் என்ன நடக்கிறது என்று வயல்காட்டுக்காரனான எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் மாதா திருவிழாத் தேருக்கு அந்த அம்பா மெட்டில் ஒரு பாட்டுக் கட்டினேன். ‘அணியத்தில் நில்லும் தாயே’ என்று ஆரம்பம், வரிக்கு வரி அதே ‘ஏலேலோ’. வள்ளத்தின் முன்முனைக்கு அணியம் என்று பெயர். மெட்டு கணகணவென்று வந்தது. ஆனால் ஆர்மோனியத்தில் வாசித்தால் ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அந்த இரண்டு தட்டு ஓட்டைப்பல் மாதிரி தெரிந்தது. பாடகர் குழுப் பெண்கள் அங்கே நிற்கத் தெரியாமல் முந்திக்கொண்டு வந்தார்கள். நான் அந்த இரண்டு தட்டையும் எடுத்துவிட்டேன். வரியும் வரியும் ஒட்டிக்கொண்டன. கேட்பதற்கு அழகாக இருந்தது. இன்றைக்கும் சொல்வேன், அழகாகத்தான் இருந்தது.

இஞ்ஞாசி அடிகள் தாளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டம் வரைக்கும் போய்வந்தார். முதல் வரியின் முடிவில் சிவப்பு வட்டம். பக்கத்தில் ‘மூச்சு?’ என்று எழுதியிருந்தார். அவர் எழுத்தால் கேள்வி கேட்டது அது ஒன்றுதான். நான் மேலே ஒரு சின்னக் காற்புள்ளி மட்டும் போட்டு, திருத்திவிட்டேன் என்று கொடுத்துவிட்டேன். மீன்காரப் பெண்கள் இரண்டே நாளில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். முதன்முதலாக என் பாட்டுத் தாள் மடிக்கப்படாமல் திரும்பி வந்தது. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையில் இரண்டு வேளை சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

நவநாள் ஒன்பது நாளும் ஒத்திகை. ஊரே பாட்டைக் கற்றுக்கொண்டது. திருவிழா அன்று பூசை முடிந்து சாயங்காலம் நான்கு மணிக்குத் தேர் கிளம்பியது. மரத்தேர், நான்கு சக்கரம், இரண்டு வடம். நான் பாடகர் குழுவோடு முன்னால் போனேன். ஒலிப்பதிவுப் பெட்டியைக் கோயில்பிள்ளை அந்தோணி கழுத்தில் மாட்டி, தேர் பக்கத்திலேயே நடக்கச் சொல்லியிருந்தேன். கோயிலைத் திறந்து சாத்துகிறவர் அவர்தான். நேரான தெருவில் ஒரு குறையும் இல்லை. ஜனங்கள் பாடப் பாடத் தேர் ஓடி வந்தது. நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையில் தேர் திரும்ப வேண்டும். தேரைத் திருப்புவது சக்கரத்துக்குக் கட்டை வைப்பவருடைய வேலை. முன்சக்கரத்தின் அடியில் மரக்கட்டையை வைத்து, குதிகாலால் ஒரு மிதி மிதித்து இறுக்கி, காலை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த இழுப்பில் சக்கரம் கட்டையில் முட்டித் தேர் கொஞ்சம் திரும்பும். மறுபடி கட்டையை எடுத்து மறுபடி வைக்க வேண்டும். ஊரில் கை பதறாத ஆள்தான் அதைச் செய்வார். அந்த வருஷமும் சூசைதான்.

சூசையின் உடம்புக்குத் தெரிந்தது அம்பா. ‘ஏலேலோ’ முடிந்தால் இரண்டு தட்டு உண்டு என்பது அவருடைய காலுக்குத் தெரியும். வள்ளம் ஏற்றும்போது அந்த இரண்டு தட்டில்தான் பின்னால் கிடக்கும் உருளைக் கட்டையைத் தூக்கி அணியத்துக்கு அடியில் போட்டுக் கையை எடுப்பார்கள். மூச்சுக்காக யாரும் அங்கே நிற்கவில்லை. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு வடம் பிடித்தவர்கள் நான் சொல்லிக் கொடுத்தபடி நிற்காமல் அடுத்த வரியைப் பாடி இழுத்தார்கள். சூசை கட்டையை மிதித்திருந்தார், காலை எடுக்கவில்லை.

அலறல் கேட்டுத் திரும்பினேன். சக்கரத்தின் அடியில் சூசை கிடந்தார். நான் செய்தது ஒன்றுதான், கோயிலைப் பார்த்து ஓடினேன். சாகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெய் அங்கே உள்ளறையில் இருந்தது. ஓடிப்போய் நின்ற பிறகுதான் உள்ளறைச் சாவி அந்தோணியின் இடுப்பில் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தோணி தேர் பக்கத்தில். கதவைக் காலால் உதைத்தேன், தோளால் இடித்தேன். தாழ்ப்பாள் பெயர்ந்து, எண்ணெயை எடுத்துக்கொண்டு நான் திரும்பி வந்து சேர்ந்தபோது தெருமுனையில் சூசை இல்லை. வேனில் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மணலில் ரத்தம் இருந்தது. யார் எப்படிச் சக்கரத்தைத் தூக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

உயிர் பிழைத்தது. வலதுகால் கணுக்காலுக்குக் கீழே போய்விட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி மரியம்மா என்னைப் பார்த்து எழுந்து நின்றார். ஜெபம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பாட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சிவப்பு வட்டம் அப்படியே இருந்தது. கடற்கரைக்குப் போய் ஒரு வள்ளம் ஏறுவதை உட்கார்ந்து பார்த்தேன். ‘ஏலேலோ’ என்றார்கள், நின்றார்கள், ஒருவன் உருளைக் கட்டையைப் போட்டுக் கையை எடுத்தான், அடுத்த வரி வந்தது. மணலில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவோ தடவை அதே இடத்தில் நின்று, காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்க்கவில்லை.

இஞ்ஞாசி அடிகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். நாளைக் காலைப் பூசை நீர் வையும்” என்றார். அவ்வளவுதான். தண்டனை எதிர்பார்த்துப் போனவனுக்கு வேலை கொடுத்து அனுப்பினார். எனக்கு அதுவும் தாங்கவில்லை. ஆயரிடம் கேட்டு மூன்றே வாரத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டேன். இடையில் ஊர்க்காரர்கள் யாராவது அந்த நாளைப் பற்றிப் பேச வந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். அந்தோணி ஒலிநாடாவைக் கொண்டுவந்து, “சாமி, இது கடைசி மட்டும் ஓடியிருக்கு, நீங்க கேக்கணும்” என்றார். வாங்கி, ‘கேட்க வேண்டாம்’ என்று எழுதிப் பெட்டியின் அடியில் போட்டேன்.

அதன் பிறகு எத்தனையோ பங்கு. காயல்பட்டினத்தில் தோணியில் போய்வந்த ஒரு பெரியவரிடம் பாய்மரப் பாட்டுகள் எழுதிக்கொண்டேன். சங்கு குளித்தவர்களிடம் போனேன். ஒவ்வொரு இடத்திலும், பாடும்போது கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது, பாடாதபோது என்ன நடக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். என் நோட்டுகளைப் பார்த்தவர்கள், இவ்வளவு நுணுக்கமா என்று மெச்சுவார்கள். எனக்குள்ளே குறுகுறுக்கும். கடற்கரை மெட்டில் மட்டும் கோயில் பாட்டுக் கட்டவே இல்லை. அந்த ஒரு பாட்டோ எனக்குக் கீழ்ப்படியாமல் ஊர் ஊராகப் பரவியது. எந்தக் கோயிலில் அதை ஆரம்பித்தாலும் நான் உள்ளறைக்குப் போய் எதையாவது தேடுவதுபோல நிற்பேன். அதனால் ஜனங்கள் அதை எப்படிப் பாடுகிறார்கள் என்றுகூட முழுதாகக் கேட்டதில்லை. இஞ்ஞாசி அடிகள் சாகும் வரைக்கும் வருஷா வருஷம் ஒரு அஞ்சலட்டை போடுவார், ‘திருவிழாவுக்கு வாரும்’ என்று. நான் போகவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிஸ்டர் பிலோமி எழுந்துபோய்க் காரிலிருந்து ஒரு பழைய ஒலிப்பதிவுப் பெட்டியைக் கொண்டுவந்தார். தயாராகத்தான் வந்திருக்கிறார்.

“வேண்டாம் சிஸ்டர்.”

“நீங்க ஓடிப் போன பெறவு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே நாப்பது வருசம் ஓட்டிட்டிய. போதும் ஃபாதர்.”

பொத்தானை அழுத்திவிட்டார். சாப்பாட்டறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

என் பாட்டு ஓடியது. ஒட்டி ஒட்டி வந்த வரிகள். பிறகு அந்த அலறல். பிறகு ஒரே கூச்சல். “முன்னால இழுலே!” என்று ஒருவன். “பின்னால தள்ளுங்கலே!” என்று இன்னொருவன். பெண்கள் அழுகை. அதற்குள்ளே அடியிலிருந்து ஒரு குரல். முதலில் எனக்குப் புரியவில்லை. சிஸ்டர் சத்தத்தைக் கூட்டினார்.

“ஏலே, எவனும் இழுக்காதிய! எல்லாரும் சக்கரத்துல வந்து கைய வைங்க. என் பாட்டுக்கு மட்டும் தூக்குங்க.”

சூசையின் குரல். சக்கரத்துக்கு அடியிலிருந்து. மூச்சு இரைக்கிறது. பிறகு பாடினார். நான் கட்டிய வரிதான், ‘அணியத்தில் நில்லும் தாயே.’ ஜனங்கள் ‘ஏலேலோ’ என்றார்கள். மரம் முனகியது. நின்றார்கள். அந்த இரண்டு தட்டில், டொக் என்று ஒரு சத்தம். தூக்கிய சக்கரத்துக்கு அடியில் யாரோ கட்டையைக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது வரி. ஏலேலோ. டொக். மூன்றாவது வரியில் அவர் குரல் உடைந்தது. ஆனால் வரியை விடவில்லை. ஏலேலோ. “எடுத்தாச்சு! எடுத்தாச்சு, இழுங்கலே ஆள!” என்று அந்தோணி கத்தியது பெட்டிக்குப் பக்கத்திலேயே கேட்டது. அத்தோடு நாடா முடிந்தது.

நான் சிறுபிள்ளை மாதிரி அழுதேன். சிஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டு தட்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் அன்றிலிருந்து அப்படித்தான் பாடியிருக்கிறார்கள். அவர்களிடமிருந்துதான் மற்ற ஊர்களுக்குப் போயிருக்கிறது.

“சூசை இருக்காரா?” என்று கேட்டேன்.

“இருக்காரு. பாட்டப் பத்தி அந்த ஊர்ல கேட்டப்போ அவரு பேரத்தான் சொன்னாங்க. நான் போன வாரமே விசாரிச்சிட்டேன்” என்றார்.

மூன்றாம் நாள் காலையில் போனோம். உப்பளம் தாண்டி, சாகுபுரத்துத் தொழிற்சாலையின் நெடி மூக்கில் ஏறி இறங்கி, கடலோரத்துக்குத் திரும்பினோம். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

சூசை வீட்டு முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியை மடியில் வைத்திருந்தார். எழுபத்தெட்டு வயது. உடம்பு சுருங்கியிருந்தது, குரல் சுருங்கவில்லை.

“வாங்க சாமி. வழி மறந்து போச்சோ?”

அவர் முன்னால் முழங்காலில் நிற்கப் பார்த்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சிஸ்டர் பிடித்து உட்கார வைத்தார்.

“சூசை, அந்த ரெண்டு தட்டை எடுத்தது நான்தான். உங்க கால் போனது என்னாலதான்.”

“தெரியும்லா. பாட்டுல நிக்க இடம் இல்லன்னு எனக்கு ஒத்திகையிலயே தெரியும்.”

“சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன். நீங்க ஆர்மோனியத்துல கண்ண மூடிக்கிட்டு இருந்திய. சாமி ரசிச்சிக்கிட்டு இருக்காரு, நாம எதுக்குக் கெடுக்கணும்னு போயிட்டேன். தேர் திரும்புதப்போ எம் புத்திக்கு ஞாபகம் இருந்துச்சு, காலுக்கு ஞாபகம் இல்ல.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “ஆனா உங்க மேல எனக்குக் கோவம் இருந்துச்சு சாமி. கால் போனதுக்கு இல்ல. ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தேன். பங்குச் சாமி ஞாயித்துக்கெழம தவறாம வந்தாரு. ஊரே வந்துச்சு. வராந்தாவுல செருப்புச் சத்தம் கேட்டா நீங்கதான்னு தலையத் தூக்குவேன். மொத நா நான் மயக்கத்துல கெடந்தப்போ வந்ததோட சரி, பெறவு நீங்க வரல.”

நாற்பது வருஷமாக நான் கணக்கில் எடுத்துக்கொண்டது ஒரு தப்பு. உண்மையில் இருந்தது வேறொன்று. பாட்டில் இரண்டு தட்டு விட்டுப்போனதை அவர் அன்றைக்கே மன்னித்துவிட்டார். நான் வராமல் போனதைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்.

“பயந்துட்டேன் சூசை” என்றேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “சரி. இப்ப வந்துட்டியள்லா. ஏளா மரியம்மா, சாமிக்கும் சிஸ்டருக்கும் சேத்து ஒலை வைய்யி. ஊளி மீன் கெடக்கு.”

மரியம்மா உள்ளேயிருந்தே, “அது எப்பவோ கொதிக்கி. நீங்க ரெண்டு பேரும் அழுது முடிங்க” என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் சிஸ்டர் தன் படிவத்தை எடுத்தார். ‘இசை’ என்ற இடம் காலியாக இருந்தது.

“சூசை, இதுல உங்க பேரைத்தான் போடணும். மெட்டு உங்களுது. அந்த ரெண்டு தட்டும் நீங்க திருப்பிக் கொடுத்தது” என்றேன்.

“எனக்கு எதுக்கு அதெல்லாம்? அது கடற்கரையில எல்லாரும் பாடுத மெட்டு. நீங்க உங்க பேரப் போடுங்க.”

“நான் எப்படி...”

“போடுங்க சாமி. ‘பெயர் தெரியவில்லை’ன்னு போட்டா, எங்காலு போனதுக்கு நான் யாரத் திட்ட? நாளப்பின்ன பேரப்பிள்ளைய கேட்டா யாரக் கைகாட்ட? இந்தச் சாமி பாட்டுலதான் எங்காலு போச்சு, இந்தச் சாமி பாட்டுலதான் எம் உசிரு நின்னுச்சுன்னு சொல்லுததுக்கு ஒரு ஆளு வேணும்லா.”

என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘மெட்டு: இவ்வூர்க் கடற்கரையார்’ என்றும் சேர்த்தேன். பிறகு சிஸ்டர் கொண்டுவந்திருந்த அந்தப் பழைய தாளை விரித்தோம். சிவப்பு வட்டம் மங்கியிருந்தது. ‘மூச்சு?’ என்ற கேள்விக்குப் பக்கத்தில், நாற்பது வருஷம் தாமதமாக, இஞ்ஞாசி அடிகளுக்குப் பதில் எழுதினேன்: ‘இல்லை சாமி. கட்டை வைக்கிற நேரம்.’

“எழுதியாச்சா?” என்றார் சூசை. “இப்ப பாடுங்க. நிக்க வேண்டிய இடத்துல நிக்கியளான்னு பாப்போம்.”

பாடினேன். குரல் எனக்கும் பழைய குரல் இல்லை. முதல் வரி முடிந்தது. நிறுத்தினேன். சூசை கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகுதான் அடுத்த வரியை எடுத்தேன்.